சிறப்புக் குழந்தைகளின் குடும்பங்களும் நாமும்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



செயலாளர் என்னைக் கூப்பிட்டபோது, "உங்க பம்பு தொழிலைப் பத்தி ஒரு பத்து நிமிஷம் பேசுங்களேன்" என்றார். பம்பைப் பற்றியும் கொஞ்சம் சொல்லத்தான் போகிறேன். ஆனால் பேச வந்தது வேறு விஷயம். படிப்பிலும் நடமாட்டத்திலும் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகள் நம்மில் சிலருடைய வீடுகளில் இருக்கிறார்கள். அந்தக் குடும்பங்களுக்கு நம் சங்கம் என்ன செய்ய முடியும் என்பதே என் விஷயம். என் மகளுக்கு ஒன்பது வயது. பிறந்ததிலிருந்தே மூளை முடக்குவாதம். நாம் பேசுவது எல்லாம் அவளுக்குப் புரியும். பதில் வரக் கொஞ்சம் நேரமாகும். வாக்கர் பிடித்து நடக்கிறாள். ஆகவே வீட்டில் அன்றாடம் பார்ப்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது பம்பு. ஊருக்குத் தண்ணீர் கொடுக்கும் பம்பு ஹவுஸுக்குள் போனால், ஓடுகிற மோட்டாருக்குப் பக்கத்தில் ஓடாத மோட்டார் ஒன்று இருக்கும். அதற்கு ஸ்டாண்ட்பை என்று பெயர். இது மெக்கானிக்கல் படித்தவர்களுக்குத் தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ஒன்றை நிறுத்திக் கிரீஸ் வைக்க வேண்டும், பேரிங் மாற்ற வேண்டும் என்றால் இன்னொன்று ஓட வேண்டும். ஒரே மோட்டாரை நம்பி எந்த இன்ஜினியரும் ஊருக்குத் தண்ணீர் விடமாட்டான்.

சிறப்புக் குழந்தை உள்ள வீட்டில் பெரும்பாலும் ஓடுவது ஒரே மோட்டார். அது அம்மா. காலையில் எழுப்பிக் குளிப்பாட்டி, ஊட்டி, பள்ளிக்கூடம் கொண்டுபோய் விட்டு, மதியம் இயன்முறைப் பயிற்சி, சாயங்காலம் பேச்சுப் பயிற்சி, ராத்திரி நடுவில் இரண்டு தடவை எழுந்து திருப்பிப் படுக்க வைப்பது வரை எல்லாம் அவர்தான். பல வீடுகளில் அவர் பார்த்த வேலை முதல் வருஷமே போய்விடுகிறது. அடுத்து கல்யாணம் காட்சிக்குப் போவது குறைகிறது. போனாலும் "நல்ல டாக்டர்கிட்ட காட்டினீங்களா?" என்று பத்துப் பேர் கேட்கிறார்கள். "நீ போய்ச் சாப்பிட்டுட்டு வாம்மா, பிள்ளையை நான் பார்த்துக்கறேன்" என்று சொல்ல ஒருவர் வருவதில்லை.

என் மனைவிக்குப் பித்தப்பையில் கல். ஆபரேஷன் செய்ய வேண்டும் என்று டாக்டர் சொன்ன பிறகு பதினொரு மாதம் தள்ளிப் போட்டாள். பணம் இருந்தது, இன்சூரன்ஸ் இருந்தது. பத்து நாள் மகளைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. இரண்டு முறை வலி தாங்காமல் ராத்திரியில் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கடைசியில் என் ஹாஸ்டல் ரூம்மேட்டின் மனைவியும் அவனுடைய அம்மாவும் முன்வந்தார்கள். (அவன் இங்கேதான் உட்கார்ந்திருக்கிறான். பேரைச் சொன்னால் மேடைக்கு வந்து அடிப்பான்.) ஒரு மாதம் முன்னாலிருந்தே ஞாயிற்றுக்கிழமைதோறும் வந்து, எப்படித் தூக்குவது, எந்தப் பதத்தில் ஊட்டுவது, என்ன சொன்னால் சிரிப்பாள் என்று பழகிக்கொண்டார்கள். அதன் பிறகுதான் ஆபரேஷன் நடந்தது. பழகுவதற்கு எடுத்துக்கொண்ட அந்த ஒரு மாதம்தான் உண்மையான உதவி. திடீரென்று வந்து நிற்பவரால் குழந்தைக்கும் பயம், தாய்க்கும் நிம்மதி இல்லை.

ஆகவே நான் கேட்கும் முதல் உதவி நேரம். மாதத்தில் இரண்டு ஞாயிறு, இரண்டிரண்டு மணி நேரம். உங்கள் ஊரிலுள்ள ஒரு குடும்பத்தோடு பழகுங்கள்.

இரண்டாவது, காகித வேலை. சட்டம் நம் பக்கம்தான் இருக்கிறது. 1995 சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுகள் இருந்தன. 2016 சட்டத்தில் 21 வகைகள். ஆட்டிசமும் டிஸ்லெக்சியா போன்ற கற்றல் குறைபாடும் அதில் அடங்கும். அரசு அங்கீகாரம் பெற்ற எந்தப் பள்ளியும் பாகுபாடு பார்க்காமல் இந்தக் குழந்தைகளைச் சேர்க்க வேண்டும். 40 சதவீதமோ அதற்கு மேலோ குறைபாடு உள்ளவர்களுக்கு 6 வயது முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை. இருந்தும் ஒரு பள்ளியில் எங்களிடம், "மத்த பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க சார்" என்றார்கள். சட்டப் பிரிவைக் கையில் வைத்துக்கொண்டு பேச ஒருவர் கூட வந்தால், பேச்சின் தொனியே மாறும்.

இன்னும் இருக்கிறது. தேசிய அடையாள அட்டை, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் வழியாகப் பராமரிப்பு உதவித்தொகை, வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர், பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுதுபவரும். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு ஆகிய நான்குக்கும் 'நிராமயா' என்ற ஒரு லட்சம் ரூபாய் மருத்துவக் காப்பீடு. தானே முடிவெடுக்க இயலாத பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் பெற்றோர்கூடத் தாமாகச் சட்டப்படி காப்பாளர் ஆகிவிட முடியாது. 1999 தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின்படி மாவட்ட ஆட்சியர் தலைமையிலான குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கு இது பாங்க் கவுண்டரில் நிற்கும்போதுதான் தெரிய வருகிறது.

மத்திய அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு ஒரு தகவல். இப்படிப்பட்ட குழந்தையைப் பராமரிப்பவருக்கு வழக்கமான சுழற்சி இடமாற்றத்திலிருந்து விலக்கு தரலாம் என்று 2014-லேயே உத்தரவு வந்துவிட்டது. பெண் ஊழியர்களின் குழந்தை பராமரிப்பு விடுப்புக்கு இருந்த 22 வயது வரம்பையும் இந்தக் குழந்தைகளைப் பொறுத்தவரை 2018-ல் எடுத்துவிட்டார்கள். மேலதிகாரி நாற்காலியில் இருக்கும் சீனியர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒவ்வொரு சான்றிதழுக்கும் ஒரு நாள் லீவு போகிறது. நூறு பக்க டெண்டரைப் படித்து நிரப்பும் நமக்கு நாலு பக்க விண்ணப்பம் பெரிதா? ஒரு குடும்பத்துக்கு ஒரு ஃபைல் போட்டுக் கொடுங்கள். அதுவே பெரிய தொண்டு.

மூன்றாவது, மாணவத் தம்பி தங்கைகளுக்கு. வருஷா வருஷம் கோடு பார்த்து ஓடும் ரோபோ செய்கிறீர்கள். நல்லதுதான். ஒரு வருஷம், சரியாக உட்கார முடியாத குழந்தைக்கு ஒரு நாற்காலி செய்யுங்கள். முதுகும் இடுப்பும் பிடித்து, முன்னால் பலகை வைத்து, கால் தொங்காமல் இருக்க வேண்டும். குழந்தை வளரும், ஆகவே உயரமும் அகலமும் மாற்றும்படி இருக்க வேண்டும். அளவை இயன்முறை மருத்துவரிடம் கேளுங்கள், குறையைத் தாயிடம் கேளுங்கள். கண்காட்சியில் போட்டோ எடுத்துவிட்டு லேபில் பூட்டி வைக்காதீர்கள். அது ஒரு வீட்டில் இருக்க வேண்டிய பொருள்.

இதற்கெல்லாம் நம்மால் முடியுமா என்று யோசிக்க வேண்டாம். 1975-ல் ராமகிருஷ்ணன் என்ற பொறியியல் மாணவர் கடற்படைத் தேர்வின்போது விழுந்து, கழுத்துக்குக் கீழே செயலிழந்தார். அவர் 1981-ல் தென்காசி பக்கத்து ஆய்க்குடியில் தொடங்கியதுதான் அமர் சேவா சங்கம். இன்று அவர்களுடைய ஊழியர்கள் கிராமங்களில் வீடு தேடிப் போய்க் குழந்தைக்குப் பயிற்சி தருவதோடு, பெற்றோருக்கும் கற்றுக்கொடுக்கிறார்கள். 2020-ல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. சென்னையில் 1985-ல் வித்யாசாகரைத் தொடங்கிய பூனம் நடராஜன், கடுமையான குறைபாடுள்ள ஒரு மகனின் தாய். ஒருவர் மாணவர், ஒருவர் தாய். நம்மைப் போன்றவர்கள்தான்.

இந்தப் பெற்றோர் எல்லோரிடமும் ராத்திரியில் ஒரு கேள்வி இருக்கும்: "எங்களுக்குப் பிறகு யார்?" அதற்கு முழுப் பதில் என்னிடமும் இல்லை. ஆனால் ஒரு பிள்ளையைப் பெயர் சொல்லிக் கூப்பிட, அதன் மருந்தும் பழக்கமும் தெரிந்த மனிதர்கள் வெளியே பத்துப் பேர் இருந்தால், அந்தக் கேள்வியின் பாரம் குறையும்.

வெளியே ரிஜிஸ்ட்ரேஷன் மேசையில் சங்கத்தின் அனுமதியோடு ஒரு நோட்டு வைத்திருக்கிறோம். பெயர், ஊர், மாதம் எத்தனை மணி நேரம் தர முடியும் என்று எழுதுங்கள். உதவி வேண்டுவோருக்குத் தனிப் பக்கம் இருக்கிறது, கூச்சப்படாமல் அவர்களும் எழுதலாம். சாப்பாடு தயாராகிவிட்டது என்று செயலாளர் சைகை காட்டுகிறார். எழுதிவிட்டுச் சாப்பிடப் போகலாம் என்று அன்போடு கேட்டுக்கொள்கிறேன்.