ஒரே ஒரு சொட்டுக் கண்ணீர்

இந்த வாரம் 1990-ல வந்த 'க்ரை-பேபி'. டைரக்டர் ஜான் வாட்டர்ஸ். கதை நடக்கிறது அவரோட சொந்த ஊர் பால்டிமோர்ல, 1954-ல.

ஊர்ப் பசங்க ரெண்டு கோஷ்டி. 'நல்ல வீட்டுப் பிள்ளைங்க' ஸ்கொயர்ஸ். லெதர் ஜாக்கெட், பைக், ராக் அண்ட் ரோல்னு திரியிறவங்க ட்ரேப்ஸ். அவங்க தலைவன் ஜானி டெப். அழுதா ஒரே ஒரு சொட்டுதான் வரும், அதுக்கே பொண்ணுங்க மயங்குவாங்க! '21 ஜம்ப் ஸ்ட்ரீட்' சீரியல்ல கனவு நாயகனா இருந்த டெப், தன்னையே கிண்டல் பண்ணிக்கிட்ட படம் இது.

காமெடிதான். ஆனா ஒரு இடம் எனக்கு உறுத்துச்சு. ஸ்கொயர்ஸ் வந்து அவன் பைக்கைக் கொளுத்துறாங்க. சண்டை வெடிக்குது. கடைசியில ஜெயிலுக்குப் போறது யாரு? பைக்கைப் பறிகொடுத்தவன்!

பத்தாவதுல கிளாஸ் ஜன்னல் உடைஞ்சப்போ, யாருன்னே கேக்காம கடைசி பெஞ்ச் எங்களைத்தான் வெளியே நிறுத்தினாங்க. அழுகை முட்டிக்கிட்டு வந்துச்சு. 'ஆம்பளப்பய அழலாமா'ன்னு அடக்கிட்டேன். இந்தப் படத்துல அந்த ரவுடிப் பையன் எல்லார் முன்னாடியும் அழுறான். அதனால அவன் கெத்து ஒண்ணும் குறையல.

அன்னிக்கு நானும் ஒரு சொட்டாவது விட்டிருக்கலாம்.