சாம்பல் சத்து வந்த வழி

(தோட்டத் தொழிலாளரிடையே ஆற்றப்பட்ட உரை)



அண்மையில் ஒரு தோட்டத்தின் நிரைகளினூடே நடந்து சென்றோம். ஒரு மரத்தடியில் செந்நிற உரம் குவியலாகக் கிடந்தது. அதனை அடுத்த பத்து மரங்களின் அடியில் ஒரு மணி உரமும் இல்லை. முதல் நாள் பெய்த மழையில் அக்குவியலின் பெரும்பகுதி கரைந்து வடிகாலில் போய்விட்டிருந்தது. அதனைக் கொட்டியவர் யார் என்று நாம் கேட்கவில்லை. கொடுத்த வேலையைப் பொழுதுக்குள் முடிக்க வேண்டிய நெருக்கடியை நாம் அறிவோம். ஆயினும், அவ்வுரம் வந்த வழியை அறிந்திருந்தால் அக்கை சற்றுத் தயங்கியிருக்கும் என்று எண்ணினோம். அவ்வழியைக் கூறுவதே இன்றைய உரையின் நோக்கமாகும்.

பயிர்களுக்கு இன்றியமையாத பேருணவுகள் மூன்று. அவை தழைச்சத்து, மணிச்சத்து, சாம்பல் சத்து என்பன. முற்காலத்தில் விறகுச் சாம்பலை நீரில் கரைத்து, அந்நீரைச் சட்டியில் காய்ச்சி இச்சத்தை எடுத்தனர். அதனாலேயே இது சாம்பல் சத்து எனப் பெயர் பெற்றது. பொட்டாஷ் என்னும் சொல்லும் சட்டிச் சாம்பல் என்றே பொருள்படும்.

இன்று இது நிலத்தின் அடியிலிருந்து வருகிறது. ஜெர்மனியில் ஸ்டாஸ்ஃபர்ட் என்னும் ஊரில் சமையல் உப்புக்காகச் சுரங்கம் தோண்டியபோது, மேலே கிடைத்த கசப்பு உப்பைக் கழிவென்று ஒதுக்கினர். அக்கழிவே பயிருக்கு உணவு என்பது பின்னர் தெளிவாயிற்று. 1861ஆம் ஆண்டில் அங்கே முதல் பொட்டாஷ் தொழிற்சாலை எழுந்தது.

இப்போது உலகில் மிகுதியாகப் பொட்டாஷ் எடுக்கும் நாடு கனடா. அங்குள்ள சஸ்காட்சுவான் மாநிலம் இன்று கோதுமை விளையும் சமவெளி. ஏறத்தாழ 38 கோடி ஆண்டுகளுக்கு முன்னர் அங்கே ஆழம் குறைந்த கடல் ஒன்று இருந்தது. கடும் வெயிலில் அக்கடல் நீர் வற்றிக்கொண்டே வந்தது. நீர் குறையக் குறைய, முதலில் சுண்ணமும் ஜிப்சமும், பின்னர் சமையல் உப்பும் படிந்தன. எளிதில் கரையும் பொட்டாஷ் உப்பு கடைசியாகவே படிந்தது. அதன்மேல் மண்ணும் பாறையும் மூடிக்கொண்டன. 1940களில் எண்ணெய் தேடித் துளையிட்டபோதுதான் அப்புதையல் வெளிப்பட்டது.

கண்டுபிடித்தது எளிது, எடுத்தது அரிது. எஸ்டர்ஹேசி என்னும் இடத்தில் உப்புப் படிவம் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் உள்ளது. இடையிலே நீர் நிறைந்த மணற்பாறை குறுக்கிட்டது. ஆதலால் அந்நிலத்தைப் பனிக்கட்டியாக உறையவைத்துத் தோண்டி, சுற்றிலும் வார்ப்பிரும்பு வளையங்களைப் பொருத்தினர். 1957இல் தொடங்கிய அப்பணி 1962இல்தான் உப்புப் படிவத்தை எட்டியது.

அங்கே இயந்திரங்கள் பாறையைக் குடைகின்றன. மேற்கூரை சரியாமலிருக்க உப்புத் தூண்களை அப்படியே விட்டுவிடுகின்றனர். மேலே வரும் பாறையில் சமையல் உப்பு கலந்திருக்கும். அதனைப் பொடித்து, செறிந்த உப்பு நீரில் இட்டுக் காற்றுக் குமிழிகளை எழுப்பினால் பொட்டாஷ் மேலே மிதந்து பிரிகிறது. அதில் எஞ்சும் சிறிதளவு இரும்புத் துருவே நமது உரத்திற்குச் செந்நிறம் தருகிறது.

அப்பணியில் ஆபத்தும் உண்டு. 2006ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் எஸ்டர்ஹேசிச் சுரங்கத்தில் தீப்பிடித்தது. 72 தொழிலாளர்கள் அடியில் சிக்கினர். பிராணவாயுவும் உணவும் நீரும் முன்னரே சேமித்திருந்த பாதுகாப்பு அறைகளில் அவர்கள் புகுந்து, புகை நுழையாதபடி கதவை அடைத்துக் காத்திருந்தனர். மறுநாள் 72 பேரும் உயிருடன் மீட்கப்பட்டனர். முன்னேற்பாடு உயிர் காத்தது.

மலேசியாவில் பொட்டாஷ் சுரங்கம் இல்லை. நாம் இடும் ஒவ்வொரு பிடியும் கடல் கடந்து விலை கொடுத்து வாங்கியதாகும். ரப்பர் மரத்தின் இலை ஓரம் மஞ்சளாகிப் பின்னர் கருகினால், அது சாம்பல் சத்துக் குறைவின் அடையாளமாக இருக்கலாம். இலை உணவு சமைக்கவும், அவ்வுணவு மரமெங்கும் செல்லவும் இச்சத்து வேண்டும். அவ்வுணவிலிருந்தே பால் உண்டாகிறது.

ஆகவே, இளமரமாயின் தண்டை ஒட்டாமல் சுற்றிலும் பரவலாகத் தூவுங்கள். முதிர்ந்த மரமாயின் நிரைகளுக்கு இடையே தூவுங்கள். கட்டிகளை உடைத்துவிடுங்கள், ஓரிடத்தில் குவிந்த உப்பு வேரைக் கருக்கும். பெருமழை வரும் வேளையில் உரமிடாதீர்கள். கையுறை அணியுங்கள், கையில் புண் இருந்தால் எரியும். வேலை முடிந்ததும் கையைக் கழுவுங்கள். உரச் சாக்கில் அரிசி வைக்காதீர்கள்.

மேற்பார்வை செய்வோருக்கும் ஒரு சொல். ஒரு நாளில் எத்தனை மூட்டை தீர்ந்தது என்று மட்டும் எண்ணாதீர்கள். எத்தனை மரம் உண்டது என்றும் பாருங்கள். அளவுக்கு மீறி வேலை கொடுத்தால் குவியல்தான் மிஞ்சும்.

ஒரு கிலோமீட்டர் ஆழத்தில் ஒரு தொழிலாளி எடுத்துத் தந்ததை மற்றொரு தொழிலாளி மரத்தடியில் சேர்க்கிறார். இடையில் அது வடிகாலில் போய்விடாமல் காப்பது நம் கையில் இருக்கிறது.