உடல் ஓர் அமானிதம். உணவு அதன் காவல்

(நமது ஜமாஅத்தின் ஆண்டுப் பொதுக்குழுவில் இமாம் அவர்கள் ஆற்றிய உரை)

எல்லாப் புகழும் அல்லாஹ்வுக்கே. ஸலவாத்தும் ஸலாமும் நம் உயிரினும் மேலான நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் மீதும், அவர்தம் கிளையார், தோழர்கள் அனைவர் மீதும் உண்டாவதாக!

    

2020 மார்ச் இறுதியில் ஊரடங்கு வந்தது. ஓய்வறியாத நம் திருப்பூரின் இயந்திரங்கள் ஓய்ந்தன. அடுத்த ஆண்டு மே மாதத்தில், இரண்டாம் அலையின்போது, ஆக்ஸிஜன் படுக்கை தேடி மக்கள் அலைந்ததையும் கண்டோம். ஒரே வீட்டில், ஒரே கிருமி. ஒருவர் சில நாள் காய்ச்சலோடு எழுந்துவிட்டார். மற்றவர் மூச்சுக்குத் திணறினார். இவ்வேறுபாட்டிற்கு வயது முதற்காரணம்; தடுப்பூசி போட்டிருந்தாரா என்பது மற்றொன்று. நோய் வருமுன் அவருடைய உடல் எந்நிலையில் இருந்தது என்பது மூன்றாவது. அந்த மூன்றாவதைப் பற்றியே இன்று பேச விழைகின்றோம்.

தமிழகத்திலும் ஆந்திரத்திலும் கொரோனா தொற்றிய சுமார் 85 ஆயிரம் பேரையும் அவர்களோடு பழகிய 5.75 இலட்சம் பேரையும் ஆராய்ந்த அறிக்கை ஒன்று 2020-இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்தது. இறந்தோரில் 100-க்கு 63 பேர் ஏற்கனவே ஏதேனும் ஒரு நாட்பட்ட நோய் உடையவர்கள். 45 பேருக்கு நீரிழிவு. மருத்துவர்கள் இதற்குக் காரணம் கூறுகின்றனர். இரத்தத்தில் சர்க்கரை மிகுந்தால் கிருமியை எதிர்க்கும் அணுக்கள் சோர்கின்றன. வயிற்றுக் கொழுப்பு நுரையீரல் விரிவதற்குத் தடையாகிறது. புரதம் குறைந்தாலோ, எதிர்ப்பாற்றலும் மூச்சுவிட உதவும் தசைகளும் மெலிகின்றன. மிகையும் குறையும் இரண்டுமே ஆபத்து.

"எல்லாம் விதிப்படி நடக்கும், உணவால் என்ன ஆகும்?" எனச் சிலர் கேட்கக்கூடும். ஷாம் தேசம் நோக்கிப் பயணமான உமர் (ரலி) அவர்கள், அங்கே கொள்ளைநோய் பரவியிருப்பதை ஸர்க் என்னுமிடத்தில் அறிந்து திரும்பிவிட முடிவு செய்தார்கள். அல்லாஹ்வின் விதியை விட்டு விரண்டோடுவதா என அபூஉபைதா (ரலி) அவர்கள் வினவியபோது, விதியிலிருந்து விதியின் பக்கமே செல்வதாக விடையளித்து, ஓர் உவமையும் கூறினார்கள். ஒருபுறம் செழிப்பும் மறுபுறம் வறட்சியும் உள்ள பள்ளத்தாக்கில் ஒட்டகத்தை எப்புறம் மேய்த்தாலும் அது விதியே என்பதே அவ்வுவமை. ஆயினும் பொறுப்புள்ள மேய்ப்பன் செழித்த புறத்திற்கே ஓட்டிச் செல்வான். நம் உடலுக்கும் பிள்ளைகளுக்கும் நாமே மேய்ப்பர்கள்.

நமது ஊரின் மேய்ச்சல் எவ்வாறு உள்ளது? ஒன்றரை ஷிப்ட் உழைக்கும் தொழிலாளி காலையில் டீயும் பன்னும், மாலையில் பஜ்ஜி, இரவில் பரோட்டா என்று நாளைக் கழிக்கின்றார். பீஸ்ரேட்டுக்காரர் மதியச் சாப்பாட்டு நேரத்தையும் சுருக்குகின்றார். டெய்லரோ நாள் முழுதும் அமர்ந்தே இருக்கின்றார். வீட்டில் தாய், அனைவருக்கும் பரிமாறிவிட்டு மீந்ததை உண்கின்றாள். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழகப் பெண்களில் 100-க்கு 53 பேருக்கு இரத்தசோகை. 40 பேருக்கு அளவுக்கு மீறிய எடை. வயிறு நிறைகிறது; உடலுக்கு வேண்டியது சேர்வதில்லை.

கொரோனாவின் வேகம் தணிந்தாலும் இப்பாடம் பழையதாகிவிடவில்லை. காசநோயிலும் இதுவே நிலை. மிகவும் எடை குறைந்த காசநோயாளிகளைத் தொடக்கத்திலேயே கண்டறிந்து மருத்துவமனையில் சேர்க்கும் திட்டத்தைத் தமிழக அரசு 2022-இல் தொடங்கியது. ஜார்க்கண்டில் காசநோயாளிகளின் குடும்பத்தாருக்குப் பருப்பு உள்ளிட்ட சத்துணவு வழங்கிய ஆய்வில், அவர்களுக்கு அந்நோய் வருவது 39 முதல் 48 விழுக்காடு வரை குறைந்ததாக 2023-இல் அறிவிக்கப்பட்டது. பஞ்சுத் தூசியும் நெருக்கமான அறைகளும் உள்ள நமது ஊர் இதைக் கருத்தில் கொள்ள வேண்டாமா?

எனவே ஜமாஅத்தின் முன் நான்கு கோரிக்கைகளை வைக்கின்றோம்.

ஒன்று: பைத்துல்மாலிலிருந்து ஏழைகளுக்கு உதவும்போது அரிசியோடு நில்லாமல் பருப்பு, நிலக்கடலை, முட்டை ஆகியவற்றையும் சேர்ப்போம்.

இரண்டு: ரமளானில் நோன்புக் கஞ்சியோடு வடை, சமோசா, சர்பத்திற்குப் பதிலாகச் சுண்டலும் பழமும் வைப்போம்.

மூன்று: மாதம் ஒருமுறை ஜும்ஆவிற்குப் பின் மதரஸா வளாகத்தில் எடை, சர்க்கரை, இரத்த அழுத்தம் பார்க்க ஏற்பாடு செய்வோம், பெண்களுக்குத் தனி நேரம் ஒதுக்குவோம். இரண்டு வாரம் இருமல் நீடித்தால் அரசு மருத்துவமனைக்கு அனுப்புவோம். அங்கே சளிப் பரிசோதனை இலவசம்.

நான்கு: கம்பெனி நடத்தும் சகோதரர்களே! ஹிஜ்ரி 18-ஆம் ஆண்டளவில் பஞ்சம் வந்தபோது, மக்கள் வயிறார உண்ணும்வரை நெய்யைத் தொடாதிருந்த கலீஃபாவைப் பின்பற்றுவோர் நாம். தொழிலாளியின் சாப்பாட்டு நேரத்தைக் குறைக்காதீர்கள். டீ நேரத்தில் ஒரு கிண்ணம் சுண்டல் கொடுங்கள். எந்த மாநிலத்தார், எந்த மதத்தார் என்று பாராதீர்கள்.

இறுதியாக ஒன்று. நல்லுணவு, தடுப்பூசிக்கும் மருத்துவருக்கும் மாற்றாகாது. நன்றாக உண்டவர்களும் இறந்தார்கள். ஆதலால் மறைந்தவர்களைப் பற்றி, "உணவைப் பேணவில்லை, அதனால் போய்விட்டார்" என எவரும் சொல்லிவிடலாகாது. கொள்ளைநோயில் இறந்த முஃமினுக்கு ஷஹீதின் நற்பேறு உண்டு என்பது நபிமொழி தரும் ஆறுதல். அவர்களுக்காக துஆச் செய்வோம், இருப்பவர்களுக்காகச் செயல்படுவோம்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் ஹலாலான, தூய்மையான உணவையும் நோயற்ற வாழ்வையும் தந்தருள்வானாக! ஆமீன். வஸ்ஸலாம்.