எடையும் இடையும்

(சாங்வித் தமிழன்பர்களின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)

 

யாம் பேச எடுத்துக்கொண்ட பொருள் உடற்பருமன். “இயலும் இசையும் முழங்க வேண்டிய மேடையில் இஃதென்ன பேச்சு, அதுவும் விருந்துக்கு முன்!” என்று செயற்குழு நண்பர் ஒருவர் எம்மைக் கடிந்துகொண்டார். விருந்துக்குப் பின் பேசினால் விழித்திருப்பார் எவரும் இரார் என்பதே யாம் அவர்க்குச் சொன்ன விடை. யாம் மருத்துவர் அல்லேம். பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராய் அமர்ந்து, பார்சல்களை நிறுத்து இரசீது எழுதும் தொழிலினேம். ஆதலின் எடையைப் பற்றி நாலு சொல் பேச உரிமையுண்டு எனத் துணிந்தோம்.

முன்னாளில் இரயில் நிலையங்களில் வண்ண விளக்குகள் சுழல நின்ற எடை இயந்திரத்தைப் பெரியோர் பலர் அறிவீர்கள். காசு இட்டால் சிறு அட்டை ஒன்று விழும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் வருங்காலப் பலன். எடையைக் கண்டு முகம் சுளித்தவரும் பலனைப் படித்து மகிழ்ந்து வண்டியேறுவர். இக்காலத்திலோ மருத்துவர் எடையைக் கொண்டே பலன் சொல்கின்றனர். அப்பலன் எவ்வளவு மெய், எவ்விடத்தே பொய்க்கின்றது என்பதைத்தான் இன்று ஆராயப் புகுந்தோம்.

உடல் நிறை குறியீட்டெண், சுருக்கமாகப் பி.எம்.ஐ. என்பதைக் கேட்டிருப்பீர்கள். எடையைக் கிலோவில் கொண்டு, அதனை மீட்டரில் அளந்த உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால் வருவது அது. இக்கணக்கை 1832-ஆம் ஆண்டளவில் கண்டவர் பெல்ஜியம் நாட்டுக் கெத்தலே என்பார். அவர் வானூலும் புள்ளியியலும் வல்லவர், மருத்துவர் அல்லர். மக்கட் கூட்டத்தின் சராசரியைக் காண்பதே அவர் நோக்கம். தனி ஒருவர்க்கு நோய் குறிப்பது அவர் கருத்தன்று. 1972-இல் அமெரிக்க அறிஞர் ஆன்செல் கீஸ் முதலியோர் இன்றைய பெயரை இட்டு இதனைப் பரப்பினர்.

உலக நல நிறுவனம் 25-க்கு மேல் மிகையெடை, 30-க்கு மேல் உடற்பருமன் என வகுத்தது. ஆசிய மக்களுக்கு 23-லேயே விழிப்பு வேண்டுமென அதன் அறிஞர் குழு 2004-இல் உரைத்தது. நம் நாட்டு மருத்துவர்களோ 2009-இல் 23-ஐ மிகையெடைக்கும் 25-ஐ உடற்பருமனுக்கும் எல்லையாக்கினர். 165 சென்டிமீட்டர் உயரமுடையார் 68 கிலோவைத் தாண்டினால் இந்தியக் கணக்கில் பருமனுடையார் ஆவர். உலகக் கணக்கிலோ 81 கிலோ வரை அவர்க்கு அப்பெயர் இல்லை. ஒரே உடலுக்கு இரண்டு கட்டண விகிதம்! காரணம் என்னை?

எம் தொழிலிலிருந்து ஓர் உவமை கூறுவோம். இரண்டு மூட்டைகள், ஒவ்வொன்றும் நாற்பது கிலோ. ஒன்றில் இரும்பு ஆணி, மற்றொன்றில் பஞ்சு. தராசு இரண்டிற்கும் ஒரே எண்ணைக் காட்டும். உள்ளே இருப்பது யாதென அதனிடம் கேட்டுப் பயனில்லை. மனித உடலும் அத்தகையதே. தசையும் எலும்பும் எடைதான், கொழுப்பும் எடைதான்.

இதனை உலகுக்கு விளங்கக் காட்டியவர் நம் புனே நகரத்தாரே. இரஸ்தா பேட்டையிலுள்ள கே.இ.எம். மருத்துவமனையின் நீரிழிவு மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும், இலண்டன் மருத்துவர் ஜான் யுட்கினும் அருகருகே நின்று எடுத்துக்கொண்ட படம் 2004-இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்தது. இருவர்க்கும் குறியீட்டெண் ஒன்றே: 22.3. ஆயின் உடற்கொழுப்பை அளந்தபோது ஆங்கிலேயர்க்கு நூற்றுக்கு 9.1 பங்கும், நம்மவர்க்கு 21.2 பங்கும் இருந்தன. இரு மடங்குக்கும் மிகுதி! தம் உடலையே சான்றாக நிறுத்திய அப்பெரியாரின் துணிவை யாம் வியக்கின்றோம்.

அவ்வளவில் அவர் நின்றாரல்லர். புனேயை அடுத்த ஆறு சிற்றூர்களில் 1993 முதல் தாய்மாரையும் சேய்களையும் அவர் குழுவினர் ஆராய்ந்தனர். ஆங்கிலக் குழந்தை சராசரி மூன்றரைக் கிலோவுடன் பிறக்க, இவ்வூர்க் குழந்தை 2.7 கிலோவே இருந்தது. தசை குறைந்தது, வயிற்றுறுப்புகள் சிறுத்தன. தோலடிக் கொழுப்போ அவ்வளவு குறையவில்லை. மெலிந்த தோற்றம், கொழுத்த உள்ளீடு. இவ்வியல்பு தாய் வயிற்றிலேயே தொடங்குகின்றது என்பதை அன்னையர் ஊன்றிக் கேட்க வேண்டுகின்றோம். “குழந்தை பெருத்தால் பேறு கடினம், குறைத்து உண்” என்று கருவுற்ற பெண்ணின் தட்டை இழுக்கும் வழக்கம் இன்னும் சில இல்லங்களில் உளது. எல்லோரும் உண்டபின் மிஞ்சியதை மருமகள் உண்ணும் வழக்கமும் உளது. பேரனுக்கு நாற்பது வயதில் வரும் நீரிழிவுக்கு அன்றே வித்து இடப்படுகின்றது. மரக்கறியுணவினர்க்கு பி-12 என்னும் உயிர்ச்சத்துக் குறைவு மிகுதி என்பதையும் அவ்வாய்வு காட்டிற்று. பாலும் தயிரும் மகளிர்க்கும் உரியன. ஆடவர்க்கென எடுத்துவைத்துக் காக்கும் பண்டமல்ல.

கொழுப்பு எல்லாம் ஒரு தன்மையதன்று. தோலடிக் கொழுப்பு பெரும்பாலும் அடங்கிக் கிடப்பது. வயிற்றினுள் ஈரலையும் குடலையும் சூழ்வது பொல்லாதது. அதனால் ஈரலிலும் கொழுப்பு ஏறுகின்றது. இன்சுலின் இட்ட கட்டளையை உடல் மதியாதொழிகின்றது. கணையம் மேலும் மேலும் சுரந்து, ஆண்டுகள் பல கழிய, களைத்துப் போகின்றது. பின்னரே இரத்தத்தில் சர்க்கரை ஏறுவதைக் காண்கின்றோம். 2023-இல் வெளிவந்த நாடு தழுவிய ஆய்வு இந்தியாவில் நீரிழிவுடையார் பத்துக் கோடிக்கு மேல் என்றது. மிகு பருமனால் வரும் இரத்த அழுத்தம், மூட்டு வலி, உறக்கத்தில் மூச்சடைப்பு முதலியவற்றை நீங்கள் அறிந்ததே; விரிக்கவில்லை.

ஈண்டு எம் கவலை வேறு. பருத்தவரை எவரும் எச்சரிப்பர். பாவம், வேண்டிய அளவுக்கு மேலும் ஏளனம் செய்வர். சங்கத்துச் சிறுவரையே பட்டப்பெயரிட்டு அழைப்பதைக் கேட்டிருக்கின்றோம். அஃது ஒருவரையும் மெலிவித்ததில்லை. எச்சரிப்பார் அற்றவர், கையும் காலும் குச்சியாய், சட்டையின் கீழ்ப் பொத்தான் மட்டும் திணறும் நம் போன்றவரே. எம் உயரம் 168, எடை 64, குறியீட்டெண் 22.7. அட்டையில் ‘நலம்’ என்றே விழும். இடையோ 94 சென்டிமீட்டர்! இந்திய ஆடவர்க்கு எல்லை 90, மகளிர்க்கு 80.

பவனைக்கும் முளைக்கும் இடைப்பட்ட இச்சாங்வியில் வாழும் நம்முள், நம் தந்தையர் போல் வயலில் குனிந்து நிமிர்பவர் எவர்? காலையில் தாபோடி நிலையத்துக்குத் தானியங்கி ரிக்‌ஷா, அலுவலகத்தில் நாற்காலி, மாலையில் வடா-பாவ், இரவில் மூன்று கரண்டிச் சோறு. ஊரின் உணவையும் இவ்வூரின் உணவையும் ஒருங்கே உண்கின்றோம். உழைப்பை மட்டும் ஊரிலேயே விட்டு வந்தோம்.

இதற்கு மாற்று உண்டு. சென்னையில் மருத்துவர் அ. இராமச்சந்திரன் குழுவினர், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைக் கொண்டு ஓர் ஆய்வு செய்து 2006-இல் வெளியிட்டனர். வாளா விடப்பட்டோருள் மூன்றாண்டில் நூற்றுக்கு 55 பேர் நோயுற்றனர். உணவைத் திருத்தி, நாளும் அரை மணி நடந்தோருள் 39 பேரே உற்றனர். வியப்பு யாதெனின், நடந்தோரின் எடை குறையவே இல்லை! தராசு அசையாதபோதும் உள்ளே நலம் விளைந்தது. ‘ஒரு மாதம் நடந்தேன், ஒரு கிலோவும் குறையவில்லை’ என்று காலணியைக் கட்டிலடியில் தள்ளிய நண்பர்கள் இதனை மீண்டும் ஒருமுறை கேட்பாராக.

இனி அளக்கும் முறை. கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்பின் உச்சிக்கும் நடுவே நாடாவைச் சுற்றுக. இயல்பாய் மூச்சை விட்டபின் படிக்க. கால்சட்டையின் அளவு கணக்கில் சேராது. அது தொந்திக்குக் கீழே இறங்கி நின்று பொய்ச்சான்று கூறும். வயிற்றை எக்குதலும் ஆகாது. தையற்காரரிடம் இரண்டு நாடாக்கள் இரவல் பெற்றுள்ளோம். ஒன்று வாயிலருகே மேசைமேல் உளது. மகளிர்க்கு மற்றொன்று உள்ளறையில். பந்தி தொடங்க இன்னும் கால் மணி இருக்கின்றது. எம் 94 முதல் வரியில் எழுதியாயிற்று.