பெயரைத் தாண்டி வரும் கேள்வி



தென்கிழக்கு நைஜீரியாவில் வாழும் இக்போ மக்களின் பெயர்கள் பல, முழு வாக்கியங்கள். ‘ந்னேகா’ என்றால் தாயே உயர்ந்தவள். பிள்ளைகளைப் பறிகொடுத்த வீட்டில் ‘ஒன்வுபிகோ’ என்று வைப்பார்கள். சாவே, உன்னைக் கெஞ்சுகிறேன் என்று பொருள். ‘ந்வான்யிபுஇஃபே’ என்றால் பெண்ணும் ஒரு பொருட்டுதான். அந்த ‘உம்’ எவ்வளவு வலிக்கிறது, பாருங்கள்!

நாளைச் சொல்லும் பெயர்களும் உண்டு. இக்போ வாரத்துக்கு நான்கே நாட்கள்: ஏகே, ஓரியே, ஆஃபோ, ந்க்வோ. நான்கும் சந்தை நாட்கள். ஏகே நாளில் பிறந்த ஆண்பிள்ளை ‘ஒகேகே’. இதில் உயர்வும் இல்லை, தாழ்வும் இல்லை.

எழுத்தாளர் சினுவா அச்செபெக்குப் பெற்றோர் வைத்த கிறிஸ்தவப் பெயர் ஆல்பர்ட். பல்கலைக்கழக நாட்களில் அதை உதறிவிட்டு இக்போ பெயரோடு நின்றார். காலனியம் தந்த பெயரை அப்படி உதறிவிடலாம். சாதியை?

இக்போ சமூகத்தில் ‘ஓசு’ என்றொரு பிரிவு உண்டு. தெய்வத்துக்கு நேர்ந்துவிடப்பட்டவர்களும் அவர்கள் வழிவந்தவர்களும் ஓசு. மற்றவர்கள் ‘டியாலா’, அதாவது மண்ணின் மைந்தர்கள். இவர்களுக்குள் மண உறவு கூடாது. ஓசு முறையை 1956இலேயே கிழக்கு நைஜீரியாவில் சட்டம் போட்டு ஒழித்தார்கள்.

நான்கு ஆண்டுகள் கழித்து, 1960இல், அச்செபெயின் ‘நோ லாங்கர் அட் ஈஸ்’ நாவல் வந்தது. இங்கிலாந்தில் படித்துத் திரும்பிய ஓபி, கிளாரா ஒகேகேயைக் காதலிக்கிறான். அவள் பெயரில் ‘ஓசு’ என்ற சொல்லே இல்லை, சந்தை நாள்தான் இருக்கிறது. ஆனால் இன்னார் மகள், இன்ன ஊர் என்றதும் ஓபியின் அப்பாவுக்கு எல்லாம் தெரிந்துவிடுகிறது. அவர் பழைய தெய்வங்களைக் கைவிட்ட கிறிஸ்தவர், ஆனாலும் மறுக்கிறார். தான் உயிரோடு இருக்கும்போது இந்தக் கல்யாணம் நடந்தால் தற்கொலை செய்துகொள்வேன் என்கிறார் அம்மா.

கல்யாணத்துக்கு முன் பெண் வீட்டைப் பற்றியும் மாப்பிள்ளை வீட்டைப் பற்றியும் ஊரில் விசாரிப்பது இக்போ வழக்கம். ஓசு உயிரோடு இருப்பது அந்த விசாரணையில்தான்.

1929 செங்கல்பட்டு சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டத்தைத் துறக்கத் தீர்மானம் போட்ட மரபு நம்முடையது. அதில் பெருமைப்படுவோம். ஆனால் பட்டம் போன பிறகும், “சொந்த ஊர் எது? ஊரில் எந்தத் தெரு?” என்று நம் வீடுகளில் கேட்கிறார்களே! நம் பெயரில் சாதி இல்லை என்பதோடு நிறுத்திக்கொள்ள வேண்டாம். நம் வீட்டுக் கல்யாணப் பேச்சில் அந்தக் கேள்வி எழும்போது, அங்கேயே அதை மறித்து நிற்போம்.

ஜெய்பீம்.