நோயை நோயென்று சொல்லுவோம்!

(உச்சமுனை மக்கள் கூட்டத்தில் சட்டத்தரணி ஒருவர் ஆற்றிய உரை)



காணியைப் பற்றியும் இறங்குதுறையைப் பற்றியும் நான் பேசுவேன் என்று எதிர்பார்த்து வந்திருக்கிறீர்கள். அதற்கு முன் உங்களிடம் ஒரு கணக்கு ஒப்புவிக்கக் கடமைப்பட்டவனாக இருக்கிறேன். சென்ற ஆண்டு இவ்வூரார் ஒருவருடைய காணி வழக்கிலே தீர்ப்பு நமக்கு எதிராக வந்தது. 60 நாட்களுக்குள் மேன்முறையீட்டு மனுவைத் தாக்கல் செய்திருக்க வேண்டும். செய்யப்படவில்லை. கட்சிக்காரர் மீது குற்றமில்லை. என் எழுதுவினைஞர் மறக்கவுமில்லை. கோவை என் மேசை மீதே கிடந்தது. அதைத் திறக்கும் வலு என் கைக்கு இல்லாமற் போயிற்று.

நான் மேடைக்கு வராதிருந்ததற்கு வேலைப்பளு என்றனர் சிலர். வேறு கட்சிக்குத் தாவப் போகிறான் என்றனர் வேறு சிலர். (சிரிப்பு) உண்மை அதுவன்று. நாள்தோறும் வைகறைக்கு முன் மூன்று மணிக்கு விழிப்பு வரும், பின் உறக்கமில்லை. சோறு மண்ணாயிற்று. பெற்ற பிள்ளையின் சிரிப்பும் என்னைத் தொடவில்லை. நான் இல்லாதிருந்தால் இவர்களுக்குச் சுமை குறையுமே என்ற எண்ணம் வரத் தொடங்கியபோது, என் மனைவி என் கையைப் பிடித்து அரசினர் வைத்தியசாலைக்கு இட்டுச் சென்றாள். ஆயிரம் பேருக்கு வாதாடியவன், என் நிலையை ஒருவரிடம் சொல்ல வெட்கப்பட்டேன். 'அங்கொடைக்குப் போகவேண்டியவன்' என்று நம் ஊர்களில் வைவதை நீங்கள் அறிவீர்கள். அந்த வசைச் சொல்லுக்கு அஞ்சியே எட்டு மாதம் வீணாயிற்று. உங்கள் தவணையும் தவறிற்று. அந்தக் கட்சிக்காரர் முன் வரிசையிலேயே அமர்ந்திருக்கிறார். அவரிடம் தனியே மன்னிப்புக் கேட்டேன்; இங்கும் கேட்கிறேன்.

மருத்துவர் என்ன செய்தார்? மந்திரமா ஓதினார்? கேள்விகள் கேட்டார். சோர்வு இரண்டு வாரத்துக்கு மேலாக நாள்தோறும் இருக்கிறதா? முன்பு விரும்பியவற்றில் விருப்பம் அற்றுவிட்டதா? தூக்கம், பசி, கவனம் எப்படி? சாவைப் பற்றி எண்ணியதுண்டா? இக்கேள்வியை அவர் நேராகவே கேட்டார். கேட்டதால் என் நெஞ்சு இலேசாயிற்றேயன்றி வேறொன்றும் நேரவில்லை. எப்போதாவது உறக்கமின்றியே அளவுகடந்த உற்சாகத்தில் பணத்தை வாரியிறைத்ததுண்டா என்றும் வினவினார். ஆம் என்போருக்கு மருந்து வேறாம். தைரொயிட் சுரப்பிக் குறைவும் இரத்தச்சோகையும் இதே வேடத்தில் வரக்கூடுமாதலின் இரத்தமும் எடுத்தார். பின்னரே 'மனச்சோர்வு நோய்' என்றார்.

மாத்திரை தந்தார். முதல் வாரத்தில் வயிற்றைக் குமட்டிற்று, பயன் ஒன்றுமில்லை. பலர் இந்த இடத்திலேதான் நிறுத்திவிடுகிறார்கள். பயன் தெரிய இரண்டு முதல் நான்கு வாரங்கள், சிலருக்கு அதற்கு மேலும், செல்லும். குணமான பிறகும் ஆறு மாதமாவது தொடர வேண்டும். நிறுத்துவதையும் மருத்துவர் சொற்படி படிப்படியாகவே செய்ய வேண்டும். கள்ளுக்கு அடிமையாவது போல் இதற்கு அடிமையாவோம் என்பது வீண் அச்சம். நான் இன்றும் உட்கொள்கிறேன். உங்கள் முன் நின்று பேசவும் செய்கிறேன்.

இனி நான் கண்ட ஒரு காட்சி. கிளினிக் வாங்கில் எனக்குப் பக்கத்தில் தீவுப்புறத்து மூதாட்டி ஒருத்தி இருந்தாள். கடலுக்குப் போன மகன் திரும்பாதவள். 'நெஞ்சு பாரமாய் இருக்குது மகன்' என்றாள். மருத்துவருக்குத் தமிழ் தெரியாது. அங்கு நின்ற சிற்றூழியர் அதை நெஞ்சுவலி என்று மொழிபெயர்த்தார். அம்மூதாட்டியை ஈ.சி.ஜி. எடுக்க அனுப்பினார்கள், இருதயத்தில் பழுதில்லையென்று வீட்டுக்கும் அனுப்பிவிட்டார்கள். கெட்ட மனத்தோடு எவரும் செய்யவில்லை. ஆனால், எலும்பு முறிந்தால் படம் பிடித்துக் காட்டலாம்; இந்நோயைக் காட்ட நோயாளியின் சொல்லைத் தவிர வேறு சாட்சி இல்லையே! சாட்சியின் மொழி தெரியாமல் தீர்ப்பெழுதும் நீதிமன்றத்தை நாம் ஒப்புவோமா? சிங்களம் நிர்வாக மொழியாயுள்ள பிரதேசத்திலும் அரச அலுவலரோடு தமிழில் கருமமாற்றும் உரிமையை 1988 ஆம் ஆண்டின் 16 ஆவது திருத்தம் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரையில் எழுதி வைத்திருக்கிறது. இம்மாவட்டத்து மனநலக் கிளினிக்குகள் ஒவ்வொன்றிலும் தமிழறிந்த அலுவலர் இருக்க வேண்டுமென்று இக்கூட்டம் தீர்மானம் நிறைவேற்ற வேண்டுகிறேன். (கரகோஷம்)

பொலிஸ் வருமே என்று இன்னும் அஞ்சுவோர் உளர். தன்னுயிரை மாய்க்க முயன்று பிழைத்தவருக்கு ஓராண்டு வரை சிறை விதித்தது 1883 ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 302 ஆம் பிரிவு. 1998 இல் அது நீக்கப்பட்டது. ஆகவே அஞ்சாமல் வைத்தியசாலைக்குக் கொண்டு ஓடுங்கள்.

கற்பிட்டியிலிருந்து வந்திருக்கும் வெங்காய, மிளகாய்த் தோட்டக்காரருக்கு ஒரு வார்த்தை. 1995 இல் இந்நாட்டில் இலட்சம் பேருக்கு ஏறக்குறைய 47 பேர் தம்முயிரைப் போக்கிக்கொண்டனர். அக்காலம் முதல் கொடிய பூச்சிகொல்லிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் தடைசெய்யப்பட்டன. 2005 அளவில் அவ்விகிதம் பாதியாயிற்று. அப்பத்தாண்டில் நாட்டில் துயரமா குறைந்தது? போர் நடந்தது, கடல்கோளும் வந்தது. கைக்கெட்டும் நஞ்சு குறைந்ததே பெருங்காரணம் என்கின்றனர் ஆய்வாளர். வீட்டில் ஒருவர் முகம் வாடியிருந்தால் எண்ணெய்ப் போத்தலை அயல்வீட்டில் பூட்டி வையுங்கள்.

தலவில அன்னம்மாளுக்கு நேர்ச்சை வையுங்கள். பள்ளியில் துஆ ஓதுங்கள். நான் தடுக்கவில்லை. வள்ளத்தில் ஓட்டை விழுந்தால் மன்றாடிக்கொண்டே அடைப்பவர்களுக்கு நான் வேறென்ன சொல்ல?

இரவில் எவரும் துணையில்லையேல் 1926 என்ற இலக்கத்துக்குத் தொலைபேசியில் அழையுங்கள். அது தேசிய மனநல நிறுவகத்தின் இலக்கம், எந்நேரமும் எடுப்பார்கள். அரசினர் வைத்தியசாலையில் மருந்துக்குக் காசில்லை.

வரும் செவ்வாய் எனக்குக் கிளினிக் நாள். விடியற்காலை வள்ளம் கற்பிட்டிக்குப் புறப்படும். அம்மூதாட்டியும் வருவதாகச் சொல்லியிருக்கிறாள்; அவளுக்கு மொழிபெயர்ப்பவன் நான். இன்னும் நால்வருக்கு இடமுண்டு. பெயரைத் தலைவரிடம் கொடுக்க வேண்டாம். துறைக்கு வந்தால் போதும்.

இனி இறங்குதுறை விடயத்துக்கு வருகிறேன்.