எந்த ஊரு பாட்டி?

கோத்தகிரிப் பக்கம் ஒரு தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துவிட்டு, "பாட்டி, உங்களுக்கு எந்த ஊரு?" என்று கேட்டேன். மைக்கைப் பார்த்துக் கூச்சப்படுகிறவர்களைப் பேசவைக்க நாங்கள் வழக்கமாகக் கேட்பதுதான். பாட்டி திருப்பிக் கேட்டார்: "கார்டுல இருக்குற ஊரா, பொறந்த ஊரா?"

கார்டு என்றால், இந்தியாவுக்கு வருகிறவர்களுக்குக் கண்டியில் கொடுத்த குடும்ப அட்டை. அதில் இருப்பது துறையூர்ப் பக்கத்துக் கிராமம். பாட்டியின் தாத்தா, தோட்டத்துக்கு ஆள் சேர்த்த கங்காணியோடு கிளம்பிப்போன ஊர். பாட்டி கண்ணால் பார்த்ததில்லை. பிறந்ததும் கொழுந்து பறித்ததும் இலங்கை மலையகத்தில், டிக்கோயாவில்.

1948இல் இலங்கைக் குடியுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரில் பெரும்பாலோரை நாடற்றவர்களாக்கியது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு. விட்டுப்போன ஒன்றரை லட்சம் பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. அந்தக் கணக்கு வழக்கெல்லாம் இன்னொரு நாள்.

எனக்கு ஆசை, பாட்டியின் பேச்சில்தான். ரயிலைக் 'கோச்சி' என்பார், காசைச் 'சல்லி' என்பார். மலையிலிருந்து தலைமன்னாருக்கு ஆட்களை ஏற்றிவந்த வண்டிக்கு 'அழுகைக் கோச்சி' என்றே பேர். ஏறினவர்களும் அழுதார்கள், நின்றவர்களும் அழுதார்கள். பிறகு கப்பல், ராமேஸ்வரம், மண்டபம் முகாம். அதற்கப்புறம் நீலகிரி, இவர்களுக்கு வேலை கொடுக்கவென்றே 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் தோட்டம். இன்றைக்கு டான்டீ என்கிறோமே, அதுதான்.

பாட்டி ரொட்டி சுட எழுந்தார். சமையல்தானே என்று கருவியை அணைத்தேன். என் தொழிலில் நான் செய்த பெரிய முட்டாள்தனம் அது, நேயர்களே! சம்பலுக்காகச் செத்தல் மிளகாயும் உப்பும் வெங்காயமும் அம்மியில் நசுங்க நசுங்கத்தான் அவருக்குப் பேச்சே வந்தது. "அங்க எங்களை இந்தியாக்காரன்னாங்க. இங்க வந்தா சிலோன்காரங்கன்றாங்க. கடைத்தெருவுல கோச்சின்னு சொன்னா இன்னும் சிரிக்குறாங்க, தம்பி." மாசிக் கருவாடு கிடைக்காத குறையைத்தான் இதைவிட நீளமாகச் சொன்னார். ஒன்றும் பதிவாகவில்லை. நினைவிலிருந்துதான் சொல்கிறேன்.

நேரம் முடிகிறது. உங்கள் வீட்டிலும் கண்டியில் கொடுத்த அந்தப் பழைய குடும்ப அட்டை இருந்தால், பெரியவர்களிடம் தோட்டத்துப் பெயரையும் கேட்டு எழுதிவைப்பீர்கள் என்று நம்புகிறேன். கிளம்பும்போது பாட்டி ரொட்டியையும் சம்பலையும் இலையில் கட்டிக்கொடுத்தார். "எங்க ஊரு ருசி, வழியில சாப்பிடுங்க." எந்த ஊர் என்று நான் கேட்கவில்லை.